35 ஆயிரம் கொடுத்து பேப்பர் போடலாமா? பியர் ரிவியூ வெறும் சடங்கா?

கேள்வி இதுதான். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி செய்கிறீர்கள். சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) கொடுக்க இன்னும் ஒரு பேப்பர், அதாவது ஆய்விதழ்க் கட்டுரை, வேண்டும். அனுப்பிய கட்டுரை ஐந்து மாதமாக ‘அண்டர் ரிவியூ’ என்றே நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், அதே கட்டுரையைக் கொடுங்கள், 35 ஆயிரம் கட்டினால் 45 நாளில் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) இதழில் வந்துவிடும் என்கிறார். உங்கள் கைடோ, எச்.ஓ.டி (துறைத் தலைவர்) பெயரையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறார். எப்படியும் பியர் ரிவியூ (அதே துறை தெரிந்தவர்கள் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வது) ஒரு சடங்குதானே, கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். பணம் வீணாகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அது பிறகு. முதலில் நீங்களே கவனிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டுரை இப்போது ஓர் இதழின் கையில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறாமல் இன்னொரு இடத்தில் கொடுத்தால் அது ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பிய தவறு. முதல் இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்ட அதே வாரத்தில் ஏஜென்ட் கொடுத்த இதழிலும் அது வெளியாகிவிட்டால், ஒன்றையோ இரண்டையுமோ எடுத்துவிடலாம், காரணத்தையும் உங்கள் பெயரோடு சேர்த்துப் போடுவார்கள். ஐந்து மாதம் காத்திருந்ததும் போய், 35 ஆயிரமும் போய், பேரும் போகும். ஏஜென்ட் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இருபது வருடமாக ரிவியூ செய்கிறேன், அதில் ஆறு வருடம் ஓர் இதழில் இணை எடிட்டராகவும் இருந்தேன். அதனால் ‘அண்டர் ரிவியூ’ என்று திரையில் தெரியும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். பெரும்பாலும் ஒன்றுமே நடந்துகொண்டிருக்காது. கட்டுரை வந்ததும் அலுவலகத்தில் வடிவம், ஒப்புமை சதவீதம் (மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது) எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் எடிட்டர் படிப்பார், இதழுக்குப் பொருந்தாது என்றால் அங்கேயே திருப்பிவிடுவார், அதுதான் டெஸ்க் ரிஜெக்ட். அதைத் தாண்டினால் ரிவியூவர் தேட வேண்டும். நான் எடிட்டராக இருந்தபோது ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர் கிடைக்க எட்டு, பத்து பேருக்கு எழுதிய நாட்கள் உண்டு. பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. ஒருவர் ஒப்புக்கொண்டு இரண்டு மாதம் கழித்து முடியவில்லை என்பார். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து செய்கிற வேலை இது. உங்கள் ஐந்து மாதத்தில் மூன்று மாதமாவது இந்தத் தேடலில் போயிருக்கும்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு அந்த இரண்டு பேர் படிப்பதால் என்ன லாபம்? என் சொந்தக் கதையையே சொல்கிறேன், மற்றவர்கள் அனுப்பிய கட்டுரைகளைப் பற்றி நான் வெளியே பேசக்கூடாது.

பல வருடம் முன்பு என் மாணவி ஒருவரும் நானும் பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சுற்றி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீர் எடுத்து ஈயம், காட்மியம் அளந்தோம். முதல் வருட அளவைவிட இரண்டாம் வருட அளவு நன்றாகக் குறைந்திருந்தது. மாசு குறைந்து வருகிறது என்று முடிவு எழுதி அனுப்பினோம். எங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. கருவி சரி, அளவுத்திருத்தம் சரி, புள்ளியியல் சரி. ஒரு ரிவியூவர் நான்கு வரி கேட்டிருந்தார்: முதல் வருட மாதிரிகளை மே மாதத்தில் எடுத்திருக்கிறீர்கள், இரண்டாம் வருடத்தை டிசம்பரில் எடுத்திருக்கிறீர்கள், உங்கள் ஊரில் இடையில் வடகிழக்குப் பருவமழை பெய்யுமே, குறைந்தது மாசா, அல்லது தண்ணீர் நீர்த்துப்போனதா? யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சென்னையில் பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாத கேள்வியை அவர் கேட்டார். அடுத்த மே வரை காத்திருந்து அதே கிணறுகளில் மறுபடி எடுத்தோம். அளவு குறையவில்லை. முடிவையே மாற்றி எழுதினோம். அனுப்பியதிலிருந்து பதினான்கு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது.

அந்தக் கேள்வி வராமல் 45 நாளில் வெளியாகியிருந்தால், அந்தப் பகுதி மக்களிடம் உங்கள் கிணற்றுத் தண்ணீர் தேறிவருகிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரை சொல்லியிருக்கும். யாராவது அதை ஒரு அறிக்கையில் எடுத்துப் போட்டிருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏஜென்ட் 35 ஆயிரத்துக்கு விற்பது அச்சேற்றத்தை அல்ல. அந்த நான்கு வரிக் கேள்வி உங்களிடம் வராமல் தடுப்பதற்குத்தான் அந்த விலை.

இந்த முறை ஒன்றும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழை ஹென்றி ஓல்டன்பர்க் 1665ல் ஆரம்பித்தபோது எதைப் போடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானித்தார். வெளியாள் ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது எல்லா இதழ்களிலும் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். பிரபல அறிவியல் இதழான ‘நேச்சர்’ அதைக் கட்டாயமாக்கியதே 1973ல். 1936ல் ஐன்ஸ்டீனும் நேதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் கிடையாது என்று சொல்லும் கட்டுரை ஒன்றை ‘பிசிக்கல் ரிவியூ’வுக்கு அனுப்பினார்கள். எடிட்டர் ஜான் டேட் அதை ஒரு ரிவியூவரிடம் கொடுக்க, அவர் பத்துப் பக்கத்துக்குத் தவறைச் சுட்டி எழுதினார். ஐன்ஸ்டீனுக்குக் கோபம் வந்துவிட்டது, அச்சுக்கு முன் வேறொருவரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று எழுதி, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் அது 1937ல் வேறோர் இதழில் வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. ரிவியூவர் சொன்னதுதான் சரி. அந்த ரிவியூவர் ஹோவர்ட் பெர்சி ராபர்ட்சன் என்று பல பத்தாண்டு கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ஈர்ப்பு அலையை 2015ல் கருவியிலேயே பிடித்துவிட்டார்கள். ஐன்ஸ்டீனுக்கே ஒரு ரிவியூவர் தேவைப்பட்டிருக்கிறார்.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. ராமானுஜனின் முதல் கட்டுரை 1911ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது, பெர்னூலி எண்களைப் பற்றியது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைப்பதற்கும் முன்னால். எடிட்டர் நாராயண ஐயங்கார் அதை அப்படியே தூக்கிப் போடவில்லை. படிப்பவருக்குப் புரியும்படி இல்லை என்று திருப்பி அனுப்பித் திருத்த வைத்தார், கைப்பிரதி இருவருக்கும் நடுவில் பல முறை போய்வந்தது. ஒருவரின் மேதைமையை மதித்துக்கொண்டே அவர் எழுத்தைத் திருத்தச் சொல்ல முடியும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொருவர் வானியற்பியலாளர் சந்திரசேகர், நம் பிரசிடென்சி கல்லூரி மாணவர். 1935 ஜனவரியில் லண்டனில் ஒரு கூட்டத்தில் வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எடை வரம்பைப் பற்றி அவர் பேசி முடித்ததும் வானியலாளர் எடிங்டன் எழுந்து, இயற்கை அப்படி நடக்காது என்று அதைக் கேலி செய்தார். எடிங்டன் அப்போது எவ்வளவு பெரிய ஆள் என்றால், அவருக்கு எதிராக வெளிப்படையாகப் பேச யாரும் வரவில்லை. சந்திரசேகர் சொன்னது சரி என்று ஏற்கப் பல வருடம் ஆனது. அதே சந்திரசேகர் பின்னாளில் 1952லிருந்து 1971வரை ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ எடிட்டராக இருந்தார். நோபல் வாங்கும் தரத்தில் இருந்த ஒருவர் பத்தொன்பது வருடம் மற்றவர்கள் கட்டுரைகளைப் படிக்கவும், அனுப்பவும், திருத்த வைக்கவும் நேரம் கொடுத்திருக்கிறார். ‘பியர் ரிவியூ சடங்கு’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வரும்.

உங்கள் சந்தேகத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறையவே இருக்கிறது. 1982ல் பீட்டர்ஸ், சீசி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பெரிய பல்கலைக்கழகத்தினர் எழுதி ஏற்கெனவே வெளியான பன்னிரண்டு கட்டுரைகளை எடுத்து, ஊர்பேர் தெரியாத நிறுவனத்தின் பெயரையும் பொய்யான ஆசிரியர் பெயரையும் போட்டு, அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். மிச்சம் ஒன்பதில் எட்டை நிராகரித்துவிட்டார்கள், ஆய்வு முறையில் பெரிய கோளாறு என்று காரணம் வேறு சொல்லி. 1998ல் ‘பி.எம்.ஜே’ மருத்துவ இதழைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே எட்டுத் தவறுகளை வைத்து இருநூறுக்கும் மேற்பட்ட ரிவியூவர்களிடம் கொடுத்தார்கள், சராசரியாக இரண்டைத்தான் பிடித்தார்கள். 2014ல் கணினித் துறையின் நியூரிப்ஸ் மாநாட்டில் 166 கட்டுரைகளை ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவற்றில் ஒரு குழு ஏற்றதை மற்றது தள்ளியது. ஆக, அதிர்ஷ்டமும் கலந்துதான் இருக்கிறது. சின்னக் கல்லூரி முகவரி போட்டால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் யாரென்று ரிவியூவருக்குத் தெரியாமல் பெயரை மறைத்து அனுப்பும் முறையை நான் ஆதரிப்பது இதனால்தான். இதழைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்களும் அந்த முறை உள்ளதைப் பார்த்து எடுங்கள்.

அதேபோல், ரிவியூவர் போலீஸ்காரர் இல்லை. எழுதியவர் உண்மையாகவே அளந்திருக்கிறார் என்று நம்பித்தான் படிக்கிறார். அந்த நம்பிக்கையை யாராவது முறித்தால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை 1998ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்து, எம்.எம்.ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு என்ற பயத்தைக் கிளப்பியது. அதை முழுதாகத் திரும்பப் பெற 2010 ஆகிவிட்டது. இடையில் எத்தனை வீடுகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாமல் விட்டார்கள். 2020ல் கொரோனா சமயத்தில் அதே ‘லான்செட்’டில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்தின் தரவை வைத்து ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்திரேலியாவில் இறந்தவர்களாக அது காட்டிய எண்ணிக்கை அந்த நாட்டு அரசின் கணக்கைவிட அதிகமாக இருந்தது. வெளியிலிருந்து படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள், நிறுவனம் மூலத்தரவைக் காட்டவில்லை, மே 22ல் வந்த கட்டுரையை ஜூன் 4ல் எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு வருடம், இன்னொன்றுக்குப் பதிமூன்று நாள். ரிவியூ இரண்டையுமே தடுக்கவில்லை, பின்னால் படித்தவர்கள்தான் பிடித்தார்கள். அதனால் பியர் ரிவியூ ஆனது என்றால் உண்மை என்று முத்திரை விழுந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துறை தெரிந்த இரண்டு பேர் கவனமாகப் படித்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எங்கள் பள்ளிக்கரணைக் கட்டுரையைக் காப்பாற்றியது.

இப்போது அந்த 35 ஆயிரத்துக்கு வருகிறேன். அந்த ஏஜென்ட் தருவது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, படிக்காமலே போடும் இதழ். கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் இந்த வகைக்கு ‘பிரிடேட்டரி’ (வேட்டையாடும்) என்று பெயர் வைத்துப் பட்டியல் போட்டார், 2017 வரை அது இணையத்தில் இருந்தது. 2013ல் ஜான் பொஹானன் என்ற நிருபர் ‘சயன்ஸ்’ இதழுக்காக, மாணவனே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுகள் உள்ள பொய்க் கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98தான் மறுத்தன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டு, பியர் ரிவியூ நடப்பதாகப் பொய் சொன்னது உட்பட பல காரணங்களுக்காக 2019ல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

இரண்டாவது, கடத்தப்பட்ட இதழ். நல்ல பழைய இதழின் பெயர், ஐ.எஸ்.எஸ்.என் எண், எல்லாவற்றையும் எடுத்து ஒரு போலி இணையதளம் போட்டிருப்பார்கள். உண்மையான இதழ் ஸ்கோபஸில் இருக்கும், உங்கள் கட்டுரை அந்தப் போலித் தளத்தில் மட்டும் இருக்கும். ஐ.எஸ்.எஸ்.என் என்பது வெறும் அடையாள எண், தரச் சான்று இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ‘ஐ.எஸ்.எஸ்.என் இருக்கு சார்’ என்று என்னிடமே மாணவர்கள் வந்து சொல்கிறார்கள்.

மூன்றாவதுதான் மோசமானது, ஏனென்றால் பார்க்க நிஜமாகவே இருக்கும். உண்மையான பெரிய பதிப்பகத்தின் இதழ், அதில் ஸ்பெஷல் இஷ்யூ (சிறப்பிதழ்), அதற்கு வெளியிலிருந்து வரும் ஒரு கெஸ்ட் எடிட்டர். அந்த வாசல் வழியாக காசுக்குப் பொய்க் கட்டுரை தயாரித்து விற்கும் ‘பேப்பர் மில்’ ஆட்கள் கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் உள்ளே விட்டார்கள். 2023ல் மட்டும் வைலி பதிப்பகத்தின் கீழ் இருந்த ஹிந்தாவி எட்டாயிரத்துக்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். அந்தக் கட்டுரைகளின் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் உங்களைப் போல ஒரு பேப்பர் குறைவாக இருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். கட்டுரையை எடுத்தாலும் பெயர் போகாது. தலைப்புக்கு மேல் ‘ரிட்ராக்டட்’ (திரும்பப் பெறப்பட்டது) என்று சிவப்பில் போட்டு அப்படியே வைத்திருப்பார்கள், ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம், 2023லிருந்து அதன் முழுத் தரவும் எல்லோருக்கும் இலவசம். நாளைக்கு ஒரு வேலைக்குப் போனால் முதலில் உங்கள் பெயரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

இந்த ஆட்கள் ‘ப்ளேஜியரிஸம் (பிறர் எழுத்தை எடுத்தாள்வது) குறைத்துத் தருகிறோம்’ என்றும் சொல்வார்கள். அதற்கும் போகாதீர்கள். வார்த்தையை மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தால் என்னவாகும் தெரியுமா, மார்பகப் புற்றுநோய்க்கான ஆங்கிலச் சொல் ‘பூசம் பெரில்’ ஆகிறது, ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ் ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ ஆகிறது. 2021லிருந்து கியோம் கபனாக்கும் அவரோடு இருந்த இருவரும் இப்படிப்பட்ட சொற்களைத் தேடித் தேடியே ஆயிரக்கணக்கான சந்தேகக் கட்டுரைகளைப் பிடித்தார்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஆய்வேட்டில் ஒப்புமை பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. பத்திலிருந்து நாற்பது என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் திரும்பக் கொடுக்க வேண்டும், நாற்பதிலிருந்து அறுபது என்றால் ஒரு வருடம் கொடுக்க முடியாது, அறுபதுக்கு மேல் பதிவே ரத்து. பதினான்கு சொல் வரை தொடர்ச்சியாகத் தற்செயலாக ஒத்துப்போவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது மென்பொருளுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. படித்ததை மூடி வைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், எடுத்த இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

பட்டியல்களை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. யு.ஜி.சி. 2018 மே மாதத்தில் தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியில் தூக்கியது. 2019ல் அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது, 2025ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஸ்கோபஸும் இதழ்களை அவ்வப்போது நீக்கிக்கொண்டுதான் இருக்கிறது, நீங்கள் பணம் கட்டும்போது உள்ளே இருந்தது கட்டுரை வரும்போது வெளியே போயிருக்கலாம். ஸ்கோபஸ் தளத்தில் இதழின் பக்கத்துக்குப் போய் எந்த வருடம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே கொடுத்துள்ள இணைப்பு வழியாகவே இதழின் தளத்துக்குப் போங்கள், மெயிலில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். அந்த இதழில் உங்கள் துறையில் வந்த மூன்று கட்டுரைகளை எடுத்து முழுதாகப் படியுங்கள். மூன்றும் நன்றாக இல்லை என்று உங்களுக்கே தோன்றினால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். எடிட்டர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம், பலர் பதில் போடுவார்கள், சிலர் தங்கள் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று அதிர்ச்சியோடு எழுதுவார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். ஆய்வேடு கொடுப்பதற்கு முன் பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனையை யு.ஜி.சி. 2022ல் வந்த பிஎச்.டி விதிகளில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை வைத்துக்கொள்ளலாம், பல இடங்களில் வைத்தும் இருக்கிறார்கள். உங்களுக்கு எந்த வருடத்து விதி பொருந்தும், ‘அக்செப்டட்’ கடிதம் போதுமா அல்லது வெளியாகியிருக்க வேண்டுமா என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குழுவில் யாரோ சொன்னதை வைத்து 35 ஆயிரம் ரூபாய் முடிவை எடுக்க வேண்டாம். வீட்டுச் செலவைச் சுருக்கிப் படிக்கிற ஆட்களிடம் இந்தத் தொகையைக் கேட்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். நிபந்தனையை வைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனை பேப்பர் என்று எண்ணத் தெரிந்த அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று படிக்க ஆளில்லாத இடத்தில்தான் இந்த வியாபாரம் வளர்கிறது.

எச்.ஓ.டி பெயர் விஷயம். ஒருவர் பெயரைக் கட்டுரையின் ஆசிரியராகப் போட மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது, மற்ற துறைகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே போகின்றன: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ அலசலிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். துறைத் தலைவர் என்பதாலோ லேப் சாவி அவரிடம் இருப்பதாலோ ஆசிரியர் ஆக முடியாது, நன்றியுரையில் போடலாம். இதை கைடிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் கஷ்டம், புரிகிறது, வைவா (வாய்மொழித் தேர்வு) வரை அவரோடு போக வேண்டும். நேராக முடியாது என்று சொல்ல வேண்டாம். ‘சார், இந்த ஜர்னலில் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதிக் கேட்கிறார்கள், எச்.ஓ.டி சாருக்கு என்ன போடட்டும்?’ என்று கேளுங்கள். இப்போது பல இதழ்கள் உண்மையிலேயே அப்படிக் கேட்கின்றன, பொய் இல்லை. என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி அந்தக் கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டியில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள்.

ரிவியூவர் பக்கமும் தவறு செய்வார்கள், அதற்கும் வழி இருக்கிறது. தன்னுடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி ஒருவர் எழுதினால், பொருத்தமானதை மட்டும் சேர்த்துவிட்டு, மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று எடிட்டருக்கு மரியாதையாக எழுதுங்கள். அதற்காக நிராகரிக்க மாட்டார்கள். ஒரு முறை என் மாணவர் செய்துகொண்டிருந்த அதே யோசனை உள்ள கைப்பிரதி எனக்கு ரிவியூவுக்கு வந்தது. சுருக்கத்தைப் படித்ததுமே நிறுத்தி, காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன், என் மாணவரிடமும் வாய் திறக்கவில்லை. அவர்கள் கட்டுரை முதலில் வந்தது. என் மாணவருக்கு வருத்தம்தான், ஆனாலும் வேறு வழி இல்லை. நாளைக்கு நீங்கள் ரிவியூ செய்யும்போது கைப்பிரதியை சாட்ஜிபிடியில் போட்டு சுருக்கம் கேட்காதீர்கள், அது உங்களை நம்பிக் கொடுத்த ரகசியம். எழுதும்போது அதன் உதவி வாங்கினால் எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அதை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிகளுக்கான ‘கோப்’ அமைப்பு 2023லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதால்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எடிட்டருக்கு ஒரு மெயில் எழுதுங்கள். கட்டுரை எண், அனுப்பிய தேதி, ஐந்து மாதம் ஆகிறது, நிலவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும், அவ்வளவு போதும். அவசரம், சினாப்சிஸ், வயது, குடும்பம் எதுவும் வேண்டாம். ரிவியூவர் கிடைக்காமல் இருந்தால் பெயர் பரிந்துரைக்கத் தயார் என்று ஒரு வரி சேருங்கள். அப்படிக் கொடுக்கும் பெயர்கள் உங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியவர்களாக இருக்கலாம், ஆனால் உங்கள் கல்லூரிக்காரர், கைடின் நண்பர், முன்பு சேர்ந்து எழுதியவர் வேண்டாம். முகவரி கண்டிப்பாக நிறுவன மின்னஞ்சலாக இருக்கட்டும். போலி ஜிமெயில் முகவரி கொடுத்துத் தங்கள் கட்டுரைக்குத் தாங்களே ரிவியூ எழுதியவர்கள் இருக்கிறார்கள், ‘ட்யூமர் பயாலஜி’ என்ற ஒரே இதழில் 2017ல் 107 கட்டுரைகள் போலி ரிவியூவால் ஒரே நேரத்தில் போயின. அதனால் எடிட்டர்கள் ஜிமெயிலைப் பார்த்தாலே ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டு வாரம் பாருங்கள். பதில் இல்லை என்றால் மறுபடி ஒரு மெயில், இந்த முறை தலைமை எடிட்டருக்கும் பிரதி. அப்போதும் இல்லை என்றால் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, அதை ஏற்றுக்கொண்ட கடிதம் கையில் வந்த பிறகு மட்டும் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ‘மேஜர் ரிவிஷன்’ (பெரிய திருத்தம் வேண்டும்) என்று வந்தால் பயப்படாதீர்கள், எடிட்டர் உங்களை உள்ளே எடுக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். ரிவியூவர் சொன்ன ஒவ்வொரு வரியையும் இடது பக்கம் போட்டு, உங்கள் பதிலையும் மாற்றிய பக்க எண்ணையும் வலது பக்கம் போட்டு ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். கமென்ட் வந்ததும் அதில் உங்களுக்கு மிகவும் கோபம் வரவழைத்த கேள்வியை இங்கே எழுதுங்கள், உங்கள் தரவை வெளியிடாமல் பொதுவாக எழுதினால் போதும், பதில் எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.